மாவட்டத் தொழில் மையம் கடன் தருவதில்லை

"டி.ஐ.சி.யில லோன் தராங்களாமே, முப்பத்தஞ்சு பர்சென்ட் தள்ளுபடியாமே?" கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கம் முந்திரி கம்பெனி போட நினைப்பவர், நெல்லிக்குப்பத்தில் நாலு தையல் மெஷினோடு தொடங்க நினைப்பவர், சிதம்பரத்தில் படித்து முடித்து ஊர் திரும்பிய பொறியாளர் என யாரிடம் பேசினாலும் பேச்சு இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த ஒரு வரிக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன. டி.ஐ.சி. எனப்படும் மாவட்டத் தொழில் மையம் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, கொடுப்பது வங்கி. 35 சதவீதம் என்பது தள்ளுபடியும் கிடையாது. மூன்று வருடம் பொறுத்திருந்து, தொழில் உயிரோடு இருந்தால், கடன் கணக்கில் கழியும் மானியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே நுழைகிறவர்களில் பாதிப் பேர் "அலைய வுட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகிறார்கள். அவர்கள் அலைந்தது உண்மைதான். ஆனால் அந்த அலுவலகத்திடம் இல்லாத ஒன்றைத் தேடித்தான் அலைந்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த அலுவலகம் எதற்கு?

1977 டிசம்பரில் ஜனதா அரசு ஒரு தொழிற்கொள்கையை அறிவித்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் அப்போது தொழில்துறை அமைச்சர். சிறுதொழில் தொடங்க நினைப்பவர் மாநிலத் தலைநகருக்கு ஓட வேண்டியதில்லை, வேண்டியதெல்லாம் மாவட்டத் தலைநகரிலேயே ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு மே 1 முதல் மாவட்டத் தொழில் மையங்கள் நடைமுறைக்கு வந்தன. கடலூர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். விழுப்புரம் தனியாகப் பிரிந்தது 1993-ல்தான். அதையொட்டிய ஆண்டுகளில் மத்திய அரசு இந்த மையங்களை மாநிலங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. கூரை வந்தது, அதன் கீழ் எல்லாரும் வந்து உட்காரவில்லை. வங்கி அதன் இடத்திலேயே இருக்கிறது. மின்வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நகராட்சி, உணவுப் பாதுகாப்புத் துறை எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. பொது மேலாளர் தலைமையில் இயங்கும் தொழில் மையத்துக்கு வங்கியை வற்புறுத்தும் அதிகாரம் இல்லை. விண்ணப்பத்தைச் சரிபார்த்து, பரிந்துரைத்து, வங்கிக் கிளைக்கு அனுப்பும் வேலைதான் இருக்கிறது. அத்துடன், ஆட்சியர் தலைமையில் நடக்கும் வங்கியாளர் ஆய்வுக் கூட்டங்களில் "இந்தக் கிளையில் இத்தனை விண்ணப்பம் தேங்கியிருக்கிறது" என்று சொல்லும் வாய்ப்பும் இருக்கிறது.

இந்தக் கடைசி வாய்ப்பைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கிளை மேலாளர் ஒருவரின் மேசைக்கு நகைக்கடன், பயிர்க்கடன், மகளிர் குழுக் கடன் எல்லாம் வருகின்றன. அவற்றின் நடுவே முன்பின் தெரியாத ஒருவரின் எட்டு லட்சம் ரூபாய்த் திட்டத்தை எடுத்துப் படிக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை உண்டாக்குவதுதான் தொழில் மையத்தின் உண்மையான வேலை. மானியத் தொகை விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும். பயனில் இந்த வேலைதான் பெரியது என்பது என் கணிப்பு.

வங்கிக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையே காரியம் எங்கே சிக்குகிறது என்று பார்த்தால் இது விளங்கும். பெரும்பாலும் சிக்குவது மூன்று இடங்களில்: சிபில் ஸ்கோர் (பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்பதற்கான மதிப்பெண்), கிளை எல்லை, புராஜெக்ட் ரிப்போர்ட் (திட்ட அறிக்கை). போன் வாங்கிய தவணையில் இரண்டு மாதம் தவறியிருந்தாலும் சிபிலில் அது நிற்கும்; விண்ணப்பித்த பிறகுதான் பலருக்கு அது தெரியவே வருகிறது. கிளை எல்லை இன்னும் வேடிக்கை. வீடு ஒரு கிளையின் எல்லையில், போடப்போகும் ஷெட் இன்னொரு கிளையின் எல்லையில், பதினைந்து வருடமாகக் கணக்கு வைத்திருப்பதோ மூன்றாவது வங்கியில். எந்தக் கிளையைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை முதலிலேயே தொழில் மையத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டால் இரண்டு மாதம் மிச்சமாகும். உங்களைத் தெரிந்த கிளை இருக்குமானால், விண்ணப்பம் போடும் முன்பே மேலாளரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது நல்லது. "ஆன்லைன்ல போட்டாச்சு, இனி அவங்களா கூப்பிடுவாங்க" என்று வீட்டில் இருப்பவர்களின் விண்ணப்பங்கள்தான் அதிகம் திரும்பி வருகின்றன.

புராஜெக்ட் ரிப்போர்ட் தனிக் கதை. ஜெராக்ஸ் கடையில் பெயரை மட்டும் மாற்றித் தரும் ரிப்போர்ட்டுகள் எல்லா ஊரிலும் புழங்குகின்றன. முதல் வருடம் 60 சதவீத உற்பத்தி, அடுத்த வருடம் 70, அதற்கடுத்து 80 என்று எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரே ஏறுமுகம். அதைப் படித்துப் படித்துச் சலித்த மேலாளர், "மாசம் எத்தனை மூட்டை உடைப்பீங்க, யாருக்கு விப்பீங்க?" என்று இரண்டே கேள்வி கேட்பார். ரிப்போர்ட்டைத் தானே எழுதியவரால் பதில் சொல்ல முடியும். விலைக்கு வாங்கியவர் விழிப்பார். அங்கேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

இப்போது அந்த 35 சதவீதம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது எல்லாரும் பி.எம்.இ.ஜி.பி. என்று சொல்வது, 2008-ல் இரண்டு பழைய திட்டங்களை இணைத்து வந்தது. 2022-ல் திருத்திய விதிப்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம். சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் படைவீரர்கள், திருநர், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் சிறப்புப் பிரிவில் வருவதால் கடலூர் மாவட்டத்தில் வெளியே நிற்பவர்கள்தான் குறைவு. கிராமமா நகரமா என்பதற்கும் விதி இருக்கிறது: ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் கிராமம், நகராட்சி எல்லைக்குள் இருந்தால் நகரம். பண்ருட்டி நகராட்சியின் கடைசித் தெருவில் ஷெட் எடுத்தால் 25. அந்தத் தெரு முடிந்து ஊராட்சி தொடங்கும் இடத்தில் எடுத்தால் 35. பத்து லட்சம் ரூபாய்த் திட்டத்தில் இது ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம். வாடகை ஒப்பந்தம் போடும் முன் இதைப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஊராட்சிப் பகுதியில் ஒரு பெண் 10 லட்சம் ரூபாயில் உற்பத்தித் தொழில் தொடங்குகிறார் என்று வைப்போம். அவர் கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய். வங்கி தருவது 9,50,000. அரசு அனுப்பும் மானியம் 3,50,000. அது அவர் கைக்கு வராது, தொழில் கணக்குக்கும் வராது. அதே வங்கியில் மூன்று வருட வைப்பாக அவர் பெயரில் கிடக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது; அதற்கு ஈடான 3,50,000 ரூபாய்க் கடனுக்கும் வட்டி கிடையாது. ஆக அவர் வட்டி கட்டுவது ஆறு லட்சத்துக்கு. மூன்று வருடம் கழித்து நேரில் வந்து பார்ப்பார்கள். தொழில் நடந்தால் வைப்பு கடனில் கழியும். ஷெட் பூட்டிக் கிடந்தால் மானியம் வந்த வழியே அரசுக்குத் திரும்பும், கடன் மட்டும் இவர் தலையில் நிற்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் ஊரில் சகஜமாக நடக்கும் ஒரு தந்திரம் எவ்வளவு அசட்டுத்தனம் என்பதும் தெரியும். எட்டு லட்சம் ரூபாய் மெஷினுக்குப் பத்து லட்சம் என்று கொட்டேஷன் வாங்குவது. கூட்டிய இரண்டு லட்சத்துக்குக் கூடுதலாக வரும் மானியம் 70,000. அதுவும் மூன்று வருடம் கழித்து. இடையில் அந்தப் பொய் விலைக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், டீலர் தன் பங்கை எடுத்துக்கொள்வார், மீதமுள்ள கடனுக்கு மாதா மாதம் தவணை ஏறும். இதைச் சொல்லிக் கொடுக்கும் புரோக்கருக்குக் கமிஷன் முதல் நாளே கிடைத்துவிடுகிறது. இவர்கள் செய்யும் இன்னொரு வேலை, குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவுக்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்குவது. 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போனிலேயே முடிந்துவிடும். கட்டணம் கேட்கும் போலி இணையதளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன என்பதுதான் தொல்லை.

நிலம் வாங்கும் செலவை பி.எம்.இ.ஜி.பி. திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் புதிதுபோலக் காட்டவும் முடியாது. வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கும் கிடையாது.

மாநிலத் திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பெயர்கள்தான் நீளம். வேலையில்லா இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 25 சதவீத மானியம். வியாபாரத்துக்கும் கிடைக்கும் என்பதால் கடை வைக்க நினைப்பவர்கள் இதைத்தான் நாடுகிறார்கள். நீட்ஸ் என்கிற புதிய தொழில்முனைவோர் திட்டம் முதல் தலைமுறையினருக்கானது. 10 லட்சம் முதல் 5 கோடி வரையான திட்டங்கள், 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டிச் சலுகை. 2025-ல் வந்த கலைஞர் கைவினைத் திட்டம் கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடனும் 50,000 வரை மானியமும் தருகிறது.

எல்லாவற்றிலும் விவரமாக வகுக்கப்பட்டது என்று எனக்குத் தோன்றுவது 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான இதில் 35 சதவீத மானியம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கிடைக்கும். மூன்று வருடம் வங்கியில் முடங்கிக் கிடக்காமல் முதலிலேயே வந்துவிடும். மேலே 6 சதவீத வட்டிச் சலுகை உண்டு. நடந்துகொண்டிருக்கும் தொழிலை விரிவாக்கவும் வாங்கலாம். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்களில் 29 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். சொத்து இல்லாததால் வங்கி வாசலைத் தாண்ட முடியாத குடும்பங்கள் இதில் ஏராளம். மானியத்தைப் பின்னால் தருவதற்கும் முன்னால் தருவதற்கும் உள்ள வித்தியாசம் கையில் முதலே இல்லாதவருக்குத்தான் தெரியும்.

இனி இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். தொடங்குவதற்கு இத்தனை திட்டம் இருக்கிறது. ஓட்டுவதற்கு அவ்வளவு இல்லை.

முந்திரியையே எடுத்துக்கொள்வோம். பண்ருட்டி, காடாம்புலியூர் சுற்றுவட்டாரத்தில் கொட்டை வரும் காலம் பங்குனியில் தொடங்கி வைகாசிக்குள் முடிந்துவிடும். தோப்புக்காரர் ரொக்கம்தான் கேட்பார். எண்பது கிலோ மூட்டை. கணக்குக்கு மூட்டை பத்தாயிரம் என்று வைத்தால், நாளைக்கு ஒரு மூட்டை உடைக்கும் சிறு கம்பெனிக்கு ஐம்பது நாள் சரக்கு வாங்கவே ஐந்து லட்சம் வேண்டும். அந்த ஐம்பது மூட்டை நாலு டன். வேக வைத்து, உடைத்து, காய வைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்தால் பருப்பாகத் தேறுவது ஏறத்தாழ ஒரு டன். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 320 முழுப் பருப்பு. இதுதான் அதிகம் ஓடும் ரகம். உடைந்த பருப்புக்கு விலை சரிந்துவிடும். சென்னையில் இருக்கும் ஸ்வீட் ஸ்டால்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் பணம் தருவார். உடைக்கும் பெண்களுக்கோ வாரக் கூலி. சீசன் முடிந்தபின் ஆப்பிரிக்கக் கொட்டையை வாங்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் ரொக்கத்துக்குத்தான்.

ஆக இந்தத் தொழிலில் பணம் தேவைப்படுவது மெஷினுக்கு ஒருமுறை, சரக்குக்கு ஆண்டு முழுக்க. ஆனால் மாதிரி ரிப்போர்ட்டில் மூலப்பொருளுக்கு ஒரு மாத இருப்பு என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். சிமெண்ட் கல் அறுக்கும் தொழிலுக்கு அது சரி. அங்கே ஜல்லித் தூள் எப்போதும் கிடைக்கும். மூன்று மாதத்தில் ஆண்டுச் சரக்கை வாங்கி அடுக்க வேண்டிய தொழிலுக்கு அது எப்படிப் போதும்? விளைவு, மெஷின் புத்தம் புதிதாக நிற்கும், போட மூட்டை இருக்காது. அந்த நேரத்தில்தான் கந்துவட்டி உள்ளே வருகிறது. வங்கிக்குப் பதினோரு சதவீதம் கட்டும் ஒருவர் சரக்குக்காக மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால், அரசு கொடுத்த மானியம் முழுக்க இரண்டு சீசனில் வட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விடும்.

இதற்கு வழி திட்ட விதியிலேயே இருக்கிறது. பி.எம்.இ.ஜி.பி. கடனில் மெஷினுக்கு டேர்ம் லோன் (தவணையில் அடைக்கும் கடன்) ஒரு பகுதி, சரக்கு, கூலி போன்ற நடைமுறை மூலதனத்துக்குக் கேஷ் கிரெடிட் (ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, வரும்போது கட்டும் கடன்) ஒரு பகுதி என்று பிரித்துக் கேட்கலாம். கேஷ் கிரெடிட்டில் ஒரு நிபந்தனை உண்டு: மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது முழு வரம்பையும் எடுத்திருக்க வேண்டும், சராசரியாக வரம்பில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். சீசன் தொழிலுக்கு இந்தச் சராசரி ஒரு முள்தான். பங்குனியில் நூறு சதவீதம் எடுத்தவர் ஐப்பசியில் சரக்கு விற்று அடைத்திருப்பார். அப்படி நடந்தால் தொழில் நன்றாக நடக்கிறது என்று பொருள். விதியோ அதைக் குறைப் பயன்பாடு என்று எண்ணும். இது டெல்லியில் உட்கார்ந்து எல்லாத் தொழிலுக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்ததால் வந்த வினை. தொழில் மையத்தில் விஷயம் தெரிந்த அலுவலர் இருந்தால், எவ்வளவை டேர்ம் லோனாகவும் எவ்வளவை கேஷ் கிரெடிட்டாகவும் கேட்பது என்று முதலிலேயே சொல்லித் தருவார். அவரிடம் போய்க் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "எவ்ளோ மானியம் சார்?" என்பதைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸே சொல்லிவிடும்.

கடலோர மாவட்டத்தில் இதோடு காப்பீட்டையும் பேச வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபின் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூர்ப் பக்கம் பல இடங்களில் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்தது. அடமானத்தில் இருக்கும் மெஷினுக்கும் சரக்குக்கும் வங்கி பாலிசி எடுக்கச் சொல்லும். பிரீமியத்தைக் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளும். அந்தப் பாலிசியில் வெள்ளம், புயல் சேர்ந்திருக்கிறதா, சரக்கு எந்த முகவரியில் இருப்பதாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய ஷெட்டின் முகவரி இருந்தால் புதிய ஷெட்டில் நனைந்த மூட்டைக்கு ஒன்றும் கிடைக்காது.

செக்யூரிட்டி பற்றி ஒரு தெளிவு. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்கு மேலே போனால் 2000-ல் தொடங்கிய கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. அதன் உத்தரவாதத்தோடு அடமானமில்லாமல் வங்கி கடன் தரலாம், அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. தரலாம் என்பதில்தான் சூட்சுமம். எந்த மேலாளரும் "பத்திரம் இல்லாம முடியாது" என்று எழுத்தில் தரமாட்டார். "வீட்டுப் பத்திரம் ஏதாச்சும் இருந்தா சீக்கிரம் முடியும்மா" என்று வாயால் சொல்வார். அந்த இடத்தில் திரும்பித் தொழில் மையத்துக்கு வந்து சொல்ல வேண்டும். முன்னே சொன்ன ஆய்வுக் கூட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. எல்லா அலுவலரும் இதை முனைந்து எடுத்துப் பேசுவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆண்டு இலக்கு நிறைந்துவிட்டால் ஆர்வம் குறைவது எல்லா அலுவலகத்துக்கும் உரிய குணம். நிதியாண்டின் முதல் பாதியில் போனால் காது கொடுத்துக் கேட்பார்கள். மாசி, பங்குனியில் போனால் கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள்.

மின்சாரத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். புதிய குறு உற்பத்தி நிறுவனத்துக்கு முதல் 36 மாதம் மின்கட்டணத்தில் 20 சதவீதம் மாநில அரசு திருப்பித் தரும். தொழில் மையம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது எந்த டாரிஃபில், அதாவது எந்தக் கட்டணப் பிரிவில் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பது. கடையாக இருந்த கட்டடத்தில் தொழில் தொடங்கினால் இணைப்பு வணிகக் கட்டணமான ஐந்தாம் டாரிஃபிலேயே தொடரும். குறுந்தொழிலுக்கு உரிய மூன்று-ஏ-ஒன்றுக்கோ மூன்று-பி-க்கோ மாற்றச் சொல்லி உத்யம் சான்றோடு மனு கொடுக்க வேண்டும். மானியத்துக்கு இரண்டு வருடம் அலைபவர்கள் இந்த ஒரு மனுவை எழுதாமல் மாதா மாதம் கூடுதலாகக் கட்டுகிறார்கள்.

ஸ்டார்ட்அப் வேறு வகை. முந்திரி கம்பெனிக்கு முதல் மாதத்திலேயே விற்பனை இருக்கும். வங்கி அதைப் பார்த்துக் கடன் தருகிறது. படகில் பொருத்த ஒரு கருவியைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சோதிக்கவே ஒன்றரை வருடம் ஆகும் என்பவருக்கு வங்கிக் கடன் பொருந்தாது. வருமானம் வருமுன்பே தவணை கேட்கும் பணம் அது. அவருக்கு வேண்டியது திருப்பித் தர வேண்டாத விதை நிதி, அல்லது பங்கு வாங்கிக்கொள்ளும் முதலீடு. தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு. டான்சீட் திட்டத்தில் 10 லட்சமும், பெண்கள் நடத்தும் நிறுவனம் போன்ற சில வகைகளுக்கு 15 லட்சமும் தருகிறது. இங்கே பலர் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டுமானால் பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. அல்லது பதிவு செய்த கூட்டு நிறுவனமாக இருக்க வேண்டும்; தனி உரிமையாளருக்குக் கிடையாது. பி.எம்.இ.ஜி.பி.யோ தனிநபருக்குத்தான், பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் கிடையாது. நண்பர் சொன்னார் என்று அவசரமாகக் கம்பெனி பதிவு செய்தவருக்கு ஒரு கதவு திறக்கும்போதே இன்னொன்று சாத்திக்கொள்கிறது. ஆடிட்டரிடம் போவதற்கு முன் தொழில் மையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது இதற்காகவே தகும்.

கடலூர்க்காரருக்கு இன்னொரு குழப்பம், வடக்கே போனதும் வந்துவிடும் புதுச்சேரி எல்லை. ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் சட்டம் வேறு. நீட்ஸ், யு.ஒய்.இ.ஜி.பி., அம்பேத்கர் திட்டம் எதுவும் அங்கே செல்லாது, பி.எம்.இ.ஜி.பி. மட்டும் இரண்டு பக்கமும் உண்டு. புதுச்சேரியின் சொந்த அமைப்பு 1974-ல் தொடங்கிய பிப்டிக் என்னும் அரசுத் தொழில் மேம்பாட்டுக் கழகம். அது கடனும் தரும், தொழிற்பேட்டையில் மனையும் ஷெட்டும் தரும். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் எல்லாம் அப்படி உருவானவை. ஒரு காலத்தில் விற்பனை வரி குறைவு என்பதற்காகவே கம்பெனிகள் எல்லை தாண்டிப் போயின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த ஈர்ப்பு போய்விட்டது. இப்போது அங்கே போக நல்ல காரணம் பேட்டையில் கிடைக்கும் தயார் ஷெட்டும், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்து அடல் தொழில் வளர் மையம் போன்ற இடங்களில் கிடைக்கும் ஆய்வகமும் ஆலோசனையும்தான். கடலூரில் வீடு, கிருமாம்பாக்கத்தில் ஷெட் என்றால் திட்டம், ஜி.எஸ்.டி. பதிவு, மின் இணைப்பு எல்லாம் ஷெட் இருக்கும் இடத்தைப் பொறுத்தே. முகவரிச் சான்று மட்டும் வீட்டுக்கு இருந்து பயனில்லை.

தொழில் ஒரு வருடம் ஓடியபின் சிறு நிறுவனத்தை அதிகம் சாய்ப்பது வராத பாக்கி. இதற்கு 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் நல்ல ஆயுதம் தந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. கொடுக்காதவர் மீது, இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கல் குழுவில் இணையம் வழியாக மனு போடலாம்; தொழில் மையம் வழிகாட்டும். குழு தீர்ப்பளித்தபின் எதிர்த் தரப்பு நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்கு மட்டும்தான் இது; வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021 முதல் உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டம் இருந்தும் மனு போடுகிறவர்கள் குறைவு. இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் மீது யார் வழக்குப் போடுவார்கள்? அதனால் அனுபவசாலிகள் வேறு மாதிரி செய்கிறார்கள். பில்லின் அடியிலேயே உத்யம் எண்ணையும், குறு நிறுவனம் என்பதையும், 45 நாள் கெடுவையும் அச்சடித்துவிடுகிறார்கள். 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவாக நடைமுறைக்கு வந்த விதிப்படி, கெடுவைத் தாண்டிய பாக்கியை அந்த ஆண்டுக்குள் கட்டாவிட்டால் வாங்கியவர் அதைத் தன் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடியாது. மார்ச் மாதக் கடைசியில் அவருடைய ஆடிட்டர் இந்த உத்யம் எண் இருக்கும் பில்களைத்தான் முதலில் தனியே எடுத்து வைக்கிறார்.